வழக்கு யார் மீது?

தன் கணவனை மயக்கிக் குடும்பத்தைக் குலைத்துவிட்டாள் என்று ஒரு பெண் மீது மனைவி தொடுத்த நஷ்டஈட்டு வழக்கை, 2025 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இது குடும்பநல நீதிமன்றம் பார்க்க வேண்டிய விவகாரம் என்ற எதிர்த்தரப்பின் வாதம் எடுபடவில்லை. உரிமையியல் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று சம்மன் அனுப்பச் சொன்னார் நீதிபதி புருஷேந்திர குமார் கௌரவ். குற்றச்சாட்டு உண்மையா என்பது சாட்சியத்தில்தான் தெரியும். ஆனால் கதவு திறந்துவிட்டது.

அந்த மனைவியின் கோபம் நியாயமானது. இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் நெடுங்காலம் கணவன் பக்கமே நின்றது. தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவின்படி, மனைவியோடு உறவு வைத்தவன் மீது கணவன் புகார் கொடுக்கலாம். துரோகம் செய்த கணவன் மீது மனைவி புகார் கொடுக்க வழியில்லை. உச்ச நீதிமன்றம் அதை 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டமோ, மனைவியின் காதலனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கவும் இடம் கொடுத்திருந்தது. அந்தப் பிரிவு 2001-இல் நீக்கப்பட்டது.

கணவன் கையிலிருந்த ஆயுதம் இப்போது மனைவி கைக்கு வருகிறது. வரவேற்க மனம் ஒப்பவில்லை. காரணம், அதன் பழைய வரலாறு.

1836 ஜூன் மாதம், லண்டன். தன் மனைவி கரோலினைக் கெடுத்துவிட்டதாகச் சொல்லி, அன்றைய பிரதமர் மெல்போர்ன் பிரபுவிடம் 10,000 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார் ஜார்ஜ் நார்ட்டன். முன்னாள் வேலைக்காரர்கள் கூண்டேறி, வீட்டுக்குள் கண்டதையும் காணாததையும் ஊரறியச் சொன்னார்கள். கரோலின் வாய் திறக்க முடியவில்லை. வழக்கு இரண்டு ஆண்களுக்கு இடையில். அவர் அதில் கட்சிக்காரரே இல்லை. ஜூரிகள் எழுந்து போய் ஆலோசிக்கக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே வழக்கைத் தள்ளினார்கள். பிரதமர் பதவியில் நீடித்தார். கரோலினுக்கோ பெயரும் போயிற்று, மூன்று பிள்ளைகளும் கணவன் வசமே இருந்தார்கள். அவர் விடாமல் எழுதிப் போராடியதன் பலனாக, 1839-இல் தாய்மார்களுக்குக் குழந்தைகள் மீது ஓரளவு உரிமை தரும் சட்டம் வந்தது.

இன்று வழக்குப் போடும் மனைவி கூண்டில் பேசலாம், உண்மைதான். ஆனால் எதைப் பேச வேண்டியிருக்கும்? அந்த உறவு தொடங்கும் முன் தன் இல்லறம் நன்றாகவே இருந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஜப்பானில், முன்பே முறிந்துபோன மணவாழ்வுக்கு மூன்றாம் நபர் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லிவிட்டது. இங்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த வாதம் போதும். பத்து வருடச் சண்டைகளையும் படுக்கையறையையும் குறுக்கு விசாரணையில் கிளறுவார். துரோகத்துக்கு ஆளானவரே மறுபடியும் அவமானப்பட வேண்டும்.

பணமாவது கிடைக்குமா? தென் கொரியாவில் எஸ்கே குழுமத் தலைவரோடு வாழும் பெண், அந்தத் தலைவரின் மனைவிக்கு 200 கோடி வோன் தர வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் சியோல் குடும்ப நீதிமன்றம் உத்தரவிட்டது. அது பெரும் பணக்கார வீட்டு விவகாரம். மாதச் சம்பளக்காரியிடம் வழக்காடி ஜெயித்தாலும் என்ன வசூலாகும்?

கைப்பிடித்து வாக்குக் கொடுத்தவன் கணவன். கேள்வி அவனிடம்தான் கேட்கப்பட வேண்டும். அவன் சொத்தில்தான் பங்கு வேண்டும். ஆனால், கோவாவை விட்டால், திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில் மனைவிக்குச் சரிபாதி என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. சவூதியில் கணவன் சம்பாதித்தபோது இங்கே குடும்பத்தைக் கட்டிக்காத்த ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு, அவருடைய உழைப்பும் பங்களிப்புதான் என்று சொத்தில் சம பங்கு கொடுத்தது சென்னை உயர் நீதிமன்றம். 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பு அது. அதை நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். வீடு யார் பெயரில் இருந்தாலும், கைவிடப்பட்ட மனைவி தன் பாதியைக் கேட்டு வாங்க முடிய வேண்டும். அதற்காக அவர் இன்னொரு பெண்ணின் வாட்ஸ்அப்பைத் துழாவிக்கொண்டிருக்கத் தேவையில்லை.