நெட்டி முறிக்கப் பன்னிரண்டாயிரம்!

உங்கள் கழுத்தை இதுவரை எத்தனை பேர் கையில் கொடுத்திருக்கிறீர்கள்? யோசித்துப் பாருங்கள். என் கணக்கு மூன்று. முதல் ஆள், சின்ன வயதில் சலூன்காரர். முடி வெட்டி முடித்து, துண்டால் தட்டிவிட்டு, தலையை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. ‘சடக்’. அப்பா கொடுத்த காசில் அந்தச் சத்தமும் சேர்த்தி. இரண்டாவது, ஊரில் சுளுக்கு எடுக்கிற ஒரு பாட்டி. வெற்றிலை பாக்குதான் ஃபீஸ். மூன்றாவது ஆள், அம்பத்தூரில் ஏ.சி. அறையில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு என் கழுத்தைத் திருகியவர். சலூனில் கேட்ட அதே ‘சடக்’. ஆனால் இதற்கு பில் உண்டு.

கதையைச் சொல்லிவிடுகிறேன். வருஷக்கணக்காக சி.டி.எச். ரோட்டில் பைக் ஓட்டுகிறவன் நான். பாடிக்கும் ஆவடிக்கும் நடுவே உள்ள அத்தனை பள்ளங்களையும் என் இடுப்பு பெயர் சொல்லிக் கூப்பிடும். இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் காலையில் ஷூ மாட்டக் குனிந்தவன், நிமிரவில்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். “கால் முன்னாடி பிறந்தவங்களைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லுங்க” என்றார் மாமியார். எதிர்வீட்டுக்காரர் புத்தூர் எண்ணெய் பாட்டிலோடு வந்தார். என் பையன் செல்போனை நீட்டினான். அதில் ஒருவரைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்துகிறார்கள். மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்த சத்தம், முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி. எழுந்தவர் கண் கலங்கிக் கும்பிடுகிறார். எல்லாம் பதினைந்து செகண்டில். “நம்ம எஸ்டேட் பக்கம்தான்ப்பா இருக்கு” என்றான்.

போனேன். கைரோப்ராக்டிக் என்று போர்டு. உள்ளே என்னிடம் கேட்ட கேள்விகள் மூன்று: பேர் என்ன, செல் நம்பர் என்ன, ஜி-பே-யா கார்டா? வேறு வியாதி உண்டா, காய்ச்சல் வருகிறதா, கால் மரத்துப் போகிறதா... ஊஹும். ஒரு சிட்டிங் 1,500 ரூபாய், பத்து சிட்டிங் பேக்கேஜாக எடுத்தால் 12,000. மூவாயிரம் மிச்சம் என்று சொன்னார்கள்.

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரில் தட்டுத் தடுமாறி பாஸ். ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் முதுகில் கையே வைக்காத ஒருவருக்கு, எனக்குப் பத்து தடவை தேவை என்று எப்படித் தெரியும்? இட்லிக்கடைக்காரர்கூட, இரண்டு வைத்துவிட்டு, ‘இன்னும் வைக்கவா?’ என்று கேட்கிறார். உறைக்கவில்லை. வலி இருக்கும்போது மூளை லீவில் போய்விடுகிறது. கார்டைத் தேய்த்தேன்.

ஏழு நிமிஷம். திருகல், அமுக்கல், சடக். எழுந்தபோது நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆறு தடவை போனேன், வலியும் போய்விட்டது. சாதாரண இடுப்பு வலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. நான் காக்கைக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்திருந்தேன்.

கொடுத்ததோடு நின்றேனா? பட்டரவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருக்கிற பையன் ஒருவன், தெரிந்தவன். “சார், நாலு மாசமா நடு முதுகு வலிக்குது” என்றான். “போய்ப் பாரு தம்பி, ஒரே சொடக்கு” என்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது? கைரோ என்றால் கிரேக்கத்தில் கை என்று அர்த்தம். நமக்கும் கை கைதான், என்ன ஒற்றுமை பாருங்கள்! 1845-ல் கனடாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர் டேனியல் டேவிட் பால்மர். கொஞ்ச நாள் மளிகைக்கடை நடத்தினார். அப்புறம் காந்த வைத்தியம். 1895 செப்டம்பரில், ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில், தன் ஆபீஸ் இருந்த கட்டடத்தின் துப்புரவுத் தொழிலாளி ஹார்வி லில்லர்டின் முதுகெலும்பை ஒரு அழுத்து அழுத்தினார். பல வருடமாகக் கேட்காத காது கேட்டுவிட்டது என்றார். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. உலகத்து வியாதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்பு விலகுவதால்தான் வருகின்றன என்று எழுதினார், பள்ளிக்கூடம் தொடங்கினார், லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக 1906-ல் சிறைக்கும் போனார்.

சுளுக்குப் பாட்டியிடம் போவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற நாம், அமெரிக்க மளிகைக்கடைக்காரரின் சுளுக்குக்கு அட்வான்ஸ் புக்கிங் செய்கிறோம். பாட்டியாவது காது கேட்கவைக்கிறேன் என்று சொன்னதில்லை.

அந்தச் சத்தம்? எலும்பு இடத்தில் போய் உட்கார்கிற சத்தம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. இல்லை ஐயா. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் அழுத்தம் மாறும்போது வாயுக் குமிழி உண்டாகிறது, அவ்வளவுதான். விரல் மூட்டில் இது நடப்பதை 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. படமாகவே எடுத்துக் காட்டினார்கள். நீங்கள் டி.வி. பார்த்துக்கொண்டே விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிறதே, அதே சமாசாரம். பாட்டிமார் திருஷ்டி கழித்து முறிக்கிற நெட்டியும் அதேதான். அது இலவசம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்கிற சிகிச்சை முழு மோசடி என்று நான் சொல்லவில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி போன்றவற்றோடு இதையும் ஒரு வழியாக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் ஒப்புக்கொண்டிருக்கிறது. பலன் ஏறக்குறைய மற்ற பிசியோதெரபி முறைகள் அளவுக்குத்தான். ஆனால் அதே நிறுவனம் 2005-ல் இன்னொன்றும் சொன்னது: புதிதாக ஒருவர் முழு கைரோப்ராக்டர் ஆக வேண்டுமென்றால் குறைந்தது 4,200 மணி நேரப் படிப்பு வேண்டும். என் ஆளின் சர்டிபிகேட் சுவரில் மாட்டியிருந்தது. மூன்றாவது சிட்டிங்கில்தான் பக்கத்தில் போய்ப் படித்தேன். இரண்டு நாள் பயிற்சி முகாமில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் அது. நாளைக்கு எட்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். டீ பிரேக்கையும் சேர்த்துப் பதினாறு மணி நேரம். மிச்சம் 4,184 மணி நேரம் என் முதுகில் நடக்கிறது!

கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. பஞ்சாபிலிருந்து குடிபோன பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த எழுத்தாளர் சைமன் சிங், 2008-ல் ‘கார்டியன்’ பத்திரிகையில் எழுதினார். குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் காது நோய்க்கும் முதுகெலும்பை அமுக்கினால் சரியாகும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். பிரிட்டிஷ் கைரோப்ராக்டிக் சங்கம் பதிலுக்கு அவதூறு வழக்குப் போட்டது. இரண்டு வருட இழுத்தடிப்புக்குப் பிறகு, அப்பீல் கோர்ட் அவர் பக்கம் சொன்னதும், 2010-ல் வழக்கை வாபஸ் வாங்கியது.

இப்போது டர்னர் பையனுக்கு வருகிறேன்.

அவன் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அரசு ஆஸ்பத்திரி என்றால் க்யூ. தனியார் ஆஸ்பத்திரி என்றால் ஸ்கேனில் ஆரம்பித்து ஆபரேஷன் எஸ்டிமேட்டில் முடியும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் தெருவுக்குத் தெரு ‘ஒரிஜினல் புத்தூர் வைத்தியசாலை’ போர்டு தொங்குவது சும்மா இல்லை. அரக்கோணம், திருத்தணி தாண்டி ஆந்திராவில் இருக்கிற அந்தப் புத்தூருக்கு, பச்சிலைக்கும் முட்டை வெள்ளைக்கும் மூங்கில் பட்டைக்கும் சனம் ரயிலேறிப் போனதற்குக் காரணமும் இதே பயம்தான். டாக்டர்கள் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம்.

பையன் முதலில் எண்ணெய் தேய்த்தான். அப்புறம் நான் சொன்ன இடத்துக்குப் போனான். இரண்டு மாதத்தில் ஐந்து சிட்டிங். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடித்தது, பேன்ட் லூசானது, ராத்திரி வலியில் தூக்கம் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒரு நாள் பட்டறையில் மெஷின் முன்னால் நிற்கும்போது கால் மடங்கியது. அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. முதுகெலும்பில் காசநோய். டி.பி. நுரையீரலில் மட்டும் வருவதில்லை, எலும்பையும் அரிக்கும். அரித்த எலும்பு, டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி. அதைத்தான் ஐந்து தடவை அமுக்கியிருக்கிறார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? முதுகெலும்பு டி.பி.க்கு ஆபரேஷன் இல்லாமல், மாத்திரை மட்டும் கொடுத்து, நடமாடவிட்டே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நடந்தது நம்ம மெட்ராஸில். 1970, 80-களில், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில். மாத்திரை அரசாங்கத்தில் இலவசம். ஒரே நிபந்தனை, கால் செயலிழப்பதற்கு முன்னால் வர வேண்டும். இவன் வந்தது அதற்கு அப்புறம். ஆபரேஷன் செய்து, மாத்திரையும் சாப்பிட்டு, இப்போது நடக்கிறான். மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க முடியாது. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதுகிறான், சம்பளம் குறைவு. என் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. “உங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்கிறான்.

எனக்குத் தெரியாது, சரி. போர்டு மாட்டியவருக்குத் தெரிய வேண்டாமா? எந்த முதுகைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த 4,200 மணி நேரம்.

கழுத்து இன்னும் மோசம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்கள் கழுத்து எலும்பின் ஓட்டைகள் வழியாகவே ஏறுகின்றன. வெடுக்கென்று திருகினால் குழாயின் உள்சுவர் கிழியலாம், ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான். 2016-ல் லாஸ் ஏஞ்சலஸில் 34 வயது மாடல் ஒருவர் இப்படி இறந்தார். கழுத்தைத் திருகிய சிகிச்சையில் ரத்தக்குழாய் கிழிந்ததே காரணம் என்று பிரேதப் பரிசோதனை அலுவலகம் சொன்னது. நம் நாட்டிலும் சலூனில் கழுத்தைத் திருப்பியதால் 2017-ல் குர்கானில் ஒருவருக்கு மூச்சுவிடும் நரம்பு அடிபட்டதாகவும், 2024-ல் பெல்லாரியில் ஓர் இளைஞருக்குப் பக்கவாதம் வந்ததாகவும் செய்தி வந்தது. விலகாத கழுத்தை எதற்காக விலக்க வேண்டும்?

ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். பிரிட்டனில் கைரோப்ராக்டருக்கு 1994-லேயே தனிச் சட்டம், அதன்படி கவுன்சில் உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ். இந்தியாவில் இந்த வைத்தியத்துக்கென்று தனிச் சட்டமும் இல்லை, கவுன்சிலும் இல்லை. என்னிடம் கொடுத்த நோட்டீஸில் ‘உயரம் கூட்டப்படும், சர்க்கரை குறையும்’ என்றெல்லாம் இருந்தது. 1954-ம் வருடத்து மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம், விளம்பரம் செய்யக்கூடாத வியாதிகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஆளின் உயரமும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது, பால்மர் சரிசெய்ததாகச் சொன்ன காது கேளாமையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மருந்தைப் பற்றிப் பேசுகிறது, மந்திரம் தாயத்தைப் பற்றிப் பேசுகிறது. வெறும் கை எதில் சேர்த்தி என்று ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டேன். சிரித்தார்.

முறையாக வருடக்கணக்கில் படித்த பிசியோதெரபிஸ்டுகள் இதே அம்பத்தூரில், ஆவடியில் இருக்கிறார்கள். போர்டைத் திருப்பி மாட்டுகிற இரண்டு நாள் ஆசாமிகளைப் பற்றி முதலில் சத்தம் போட வேண்டியவர்கள் அவர்கள்தான். அரசாங்கமும், யார் கழுத்தைத் திருகலாம், யார் திருகக்கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைக்கட்டும்.

அதுவரை நீங்கள் படுக்கையில் ஏறும் முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள்? எனக்கு என்ன கோளாறு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இதை எனக்குச் செய்யக்கூடாது என்றால் அது எப்போது? கழுத்தைத் தொடாமல் வைத்தியம் செய்வீர்களா? கோபித்துக்கொண்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரி வலி, கால் மரப்பு, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் படிக்கட்டில் ஏறவே வேண்டாம், டாக்டரிடம் ஓடுங்கள்.

என் பேக்கேஜில் இன்னும் நாலு சிட்டிங் பாக்கி இருக்கிறதாம். மாதா மாதம் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. குடும்பத்தில் வேறு யாருக்காவது மாற்றிக் கொடுக்கலாம், குழந்தைகளுக்கும் உண்டு என்கிறார்கள். கணக்கில் வாராக்கடன் என்று எழுதி மூடிவிட்டேன்.