தூக்கினால் எத்தனை மேட்ச்?

சிக்கன் விங், க்ரஷர், கோட் ஹேங்கர், கானன்பால், ஹிப் டிராப்... ஏதோ ஏ.ஸி. ரெஸ்டாரெண்ட் மெனு கார்டு கை தவறி இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டதோ என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடுகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் சாய்க்கும் முறைகளுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர்கள் இவை. பிடிபட்டவன் கையை முதுகுப் பக்கம் முறுக்கினால் சிக்கன் விங். அவன் கழுத்து மேல் முழு உடம்பையும் போட்டு அமுக்கினால் க்ரஷர். இரண்டு பேர் ஒருத்தனை நிற்க வைத்துப் பிடித்திருக்க, மூன்றாவது ஆசாமி ஓடி வந்து முழங்காலில் மோதினால் கானன்பால். ஓடி வருகிறவன் கழுத்துக்கு நேராகக் கையைக் கம்பி மாதிரி நீட்டினால் கோட் ஹேங்கர். சட்டை மாட்டுகிற சமாசாரம்தான். இங்கே மாட்டுவது தலை!

எல்லாமே சட்ட விரோதம். எல்லாமே நடக்கிறது.

ரக்பியில் இரண்டு வகை உண்டு. ‘வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆட வருகிறவனுக்கு அன்றைய கூலியையாவது கொடுங்கய்யா’ என்று சண்டை போட்டு, 1895-ல் இங்கிலாந்தின் வடக்கத்திய கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடித் தனிக்குடித்தனம் போனதில் பிறந்தது லீக். பக்கத்துக்கு 13 பேர். பந்தோடு ஓடுகிறவனை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஆறு தடவை பிடிபடுவதற்குள் காரியம் ஆகாவிட்டால் பந்து எதிர்க் கட்சிக்கு. நம் கபடிக்குத் தூரத்து சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, பிடிக்கிற ஆசாமிகள் பலர் நூறு கிலோ.

ஆட்டம் முடிந்ததும்தான் இன்னொரு ஆட்டம் ஆரம்பம். ஒரு கமிட்டி உட்கார்ந்து வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து சார்ஜ் ஷீட் கொடுக்கிறது. ஆபீஸில் மெமோ வாங்கிய அனுபவஸ்தர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். ‘ஆமாம் ஸார், தப்புதான்’ என்று உடனே கையெழுத்துப் போட்டால் தண்டனையில் தள்ளுபடி. 2021 வரை இதற்கு ஒரு பாயின்ட் கணக்கே இருந்தது. 100 பாயின்ட் சேர்ந்தால் ஒரு மேட்ச் உட்கார வேண்டும். பூர்வ ஜென்மப் பாவங்களுக்குக் கூடுதல். ஒப்புக்கொண்டால் 25 சதவிகிதம் கழிவு. மிச்சச் சில்லறை பாயின்ட்டுகள் அடுத்த தப்பு வரை கணக்கில் நிற்கும். 2022-ல் இதை மாற்றி, சின்னத் தப்புகளுக்குப் பண அபராதம் என்றார்கள். கவனக் குறைவாக லேசாகத் தலையில் பட்டுவிட்டதா? முதல் தடவை என்றால், ஒப்புக்கொண்டவருக்கு 1,000 டாலர். வாதாடித் தோற்றவருக்கு 1,500. ஆடித் தள்ளுபடி ஆஸ்திரேலியா வரை போய்விட்டது!

‘இல்லை, நான் வாதாடுவேன்’ என்றால் சிட்னியில் விசாரணை. இரண்டு தரப்புக்கும் வக்கீல். பல வருடம் தலைமை வகித்த ஜெஃப்ரி பெல்லூ, நியூ சவுத் வேல்ஸ் சுப்ரீம் கோர்ட்டில் நிஜமாகவே ஜட்ஜாக இருந்தவர். குற்றவாளியா இல்லையா என்று பார்க்கும் குழுவில் முன்னாள் ஆட்டக்காரர்கள், அதாவது ஒரு காலத்தில் தாங்களும் நாலு பேரைச் சாய்த்தவர்கள்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை. எல்லா மேட்சும் ஒரே விலை. மார்ச் மாதம் ஒரு சோப்ளாங்கி அணியோடு ஆடுகிற மேட்சும் ஒன்றுதான், இறுதியாட்டமும் ஒன்றுதான். 2008-ல் மெல்போர்ன் ஸ்டார்ம் அணியின் கேப்டன் கேமரன் ஸ்மித், எதிராளியின் தலை, கழுத்துப் பக்கம் மல்யுத்தப் பிடி போட்டார் என்று இரண்டு மேட்ச் தடை. அந்த இரண்டில் ஒன்று இறுதியாட்டம். கேப்டன் இல்லாத ஸ்டார்ம் 40-0 என்று மேன்லியிடம் உதை வாங்கியது. பத்து வருடம் கழித்து, 2018-ல், அதே அணியின் பில்லி ஸ்லேட்டர். ஓய்வு பெறப் போகிறவர், இறுதியாட்டம்தான் வாழ்க்கையின் கடைசி மேட்ச். அதற்கு முந்தைய ஆட்டத்தில் தோளால் இடித்தார் என்று சார்ஜ். தப்பை ஒப்புக்கொண்டால்கூட ஒரு மேட்ச் போய்விடும். வாதாடினார், ஜெயித்தார், ஆடினார். ரூஸ்டர்ஸ் அணியிடம் 21-6 என்று தோற்றார். ‘நட்சத்திரத்துக்கு ஒரு நியாயமா?’ என்று அப்போது கேட்டவர்கள், ஸ்மித்தை மறந்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

சரி, இதெல்லாம் கோப்பை சமாசாரம். சிரித்துவிட்டுப் போய்விடலாம். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது.

2014, மார்ச் 24. மெல்போர்ன். நியூகாஸில் நைட்ஸ் அணியின் அலெக்ஸ் மெக்கின்னன் பந்தோடு ஓடி வருகிறார். ஸ்டார்ம் ஆட்கள் மூன்று பேர் மடக்குகிறார்கள். பிடித்த வேகத்தில் மெக்கின்னனின் கால்கள் மேலே போகின்றன, தலை கீழே வருகிறது. வாரா வாரம் நடக்கிற காட்சிதான். இந்தத் தடவை கழுத்தில் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகள் உடைந்தன. கை, கால் செயலிழந்து சக்கர நாற்காலி. வயசு 22.

பிடித்த மூவரில் ஜோர்டன் மெக்லீன் மேல் சார்ஜ். அவருக்கும் வயசு 22. மெக்கின்னன் தலையை உள்ளே குனிந்துகொண்டதும் ஒரு காரணம் என்று அவர் வக்கீல் வாதாடினார். எடுபடவில்லை. குற்றவாளி. தண்டனை 7 மேட்ச்.

‘ஒரு ஆயுசுக்கு ஏழே மேட்ச்சா?’ என்று ஒரு பக்கம் கொதித்தார்கள். ‘வேணும்னா செஞ்சான்? துரதிர்ஷ்டத்துக்கு ஏழு மேட்ச்சா?’ என்று இன்னொரு பக்கம். மெக்லீன் பிறகு ஆட வந்தார். 2017-ல் ஸ்டார்ம் கோப்பை வாங்கியபோது அணியில் இருந்தார். அதே வருடம் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடினார். மெக்கின்னன் அதற்கப்புறம் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

எனக்கு அந்த ஏழு உறுத்தவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஒருத்தனைத் தூக்கி, தலையோ கழுத்தோ முதலில் தரையில் படக்கூடிய நிலைமைக்குக் கொண்டுவந்தாலே அது ஆபத்தான வீச்சு என்கிறது. ‘படக்கூடிய’ என்பதுதான் முக்கியம், பட்டதா என்பது அல்ல. அப்படியானால் அந்த ராத்திரிக்கு முன்னால் அதே மாதிரி தலைகீழாகத் தூக்கப்பட்டு, அதிர்ஷ்டவசமாகத் தோளில் விழுந்து, டிராயரைத் தட்டிவிட்டு எழுந்து போனார்களே, அவர்களைத் தூக்கினவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? பல தடவை ஒரு மேட்ச், இரண்டு மேட்ச். சில தடவை வெறும் பெனால்டி. விழுந்தவன் எழுந்துவிட்டால் தப்பு சின்னது, எழாவிட்டால் பெரியது என்றால் தீர்ப்புச் சொல்வது கமிட்டி இல்லை ஸார், தரை. அங்கே ஏழு கொடுத்திருந்தால் மெல்போர்னில் மூன்று பேரும் கொஞ்சம் கீழே பிடித்திருப்பார்களோ என்னவோ.

இதை அவர்கள் முயன்று பார்க்காமல் இல்லை. 2021 மே மாதம், பிரிஸ்பேனில் ஒரே மைதானத்தில் எட்டு ஆட்டங்களும் நடக்கிற ‘மேஜிக் ரவுண்ட்’. தலையில் கை பட்டால் தயவு தாட்சண்யம் கிடையாது, அடிபட்டதா என்று பார்க்கப் போவதில்லை என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. மூன்று பேர் மைதானத்தை விட்டே வெளியேற்றம், 14 பேருக்குப் பத்துப் பத்து நிமிடம் ஓரமாக உட்காரும் தண்டனை. டி.வி. விமரிசகர்கள், பழைய ஆட்டக்காரர்கள், டிக்கெட் வாங்கினவர்கள் எல்லோரும் லபோ திபோ. ஆம்பளைகள் ஆடுகிற ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்களாம். மண்டைக்குள் என்ன ஆகிறது என்று 2019-லேயே தெரிந்திருந்தது. இறந்துபோன முன்னாள் வீரர் ஸ்டீவ் ஃபோக்ஸின் மூளையைச் சோதித்து, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருகிற நோய் இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

கூச்சலில் விசில்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. அதே வருடம் ஆகஸ்டில் சவுத் சிட்னியின் லாட்ரெல் மிச்செல், ரூஸ்டர்ஸின் ஜோசப் மானு முகத்தில் வேகமாக வந்து மோதினார். கன்னத்து எலும்பு முறிந்தது. இத்தனைக்கும் இருவரும் 2018-ல் ஸ்லேட்டரைத் தோற்கடித்த அந்த ரூஸ்டர்ஸ் அணியில் ஒன்றாக ஆடினவர்கள். மானுவுக்கு அந்த வருட ஆட்டம் அத்தோடு சரி. மிச்செல் பத்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்துவிட்டு மறுபடி ஆட வந்தார். சவுத் சிட்னி 54-12 என்று ஜெயித்தது. ‘இதுவா தண்டனை?’ என்று பொரிந்து தள்ளிய ரூஸ்டர்ஸ் கோச்சுக்கு 20,000 டாலர் அபராதம்!

பிற்பாடு கமிட்டி உட்கார்ந்தது. மிச்செல் தப்பை ஒப்புக்கொண்டார். 6 மேட்ச். அவர் இல்லாமலே சவுத் சிட்னி இறுதியாட்டம் வரை வந்து, பென்ரித்திடம் 14-12 என்று இரண்டே பாயின்ட்டில் கோட்டை விட்டது. ஆறும் அந்த வருடத்தில் தீரவில்லை. மிச்சத்தை அடுத்த வருடக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.