கொக்கோத் தோட்டமும் வீட்டு அடுப்பும்

மேற்குமலையின் அடிவாரத்தில் தேவதானம், சேத்தூர் முதல் மம்சாபுரம், வத்திராயிருப்பு வரையில் தென்னந்தோப்பு உடையவர்களிடையே, தென்னையின் நிழலில் கொக்கோவை ஊடுபயிராக வைக்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. 1 டன் கொக்கோ விதையின் விலை உலகச் சந்தையில் 2024ஆம் வருஷம் 10,000 டாலருக்கும் மேலே ஏறிற்று. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்டு, கானா என்னும் இரு தேசங்களுமே உலக விளைச்சலில் பாதிக்கு மேல் தருவன. அவ்விடத்தில் மழைக்கேட்டாலும் மரத்தைப் பற்றிய நச்சுயிரி நோயினாலும் மகசூல் குன்றியதே அவ்வேற்றத்தின் காரணம். மறு வருஷமே விலை பெரிதும் இறங்கிவிட்டது. கன்று நட்டு 3ஆம் வருஷத்தில்தான் காய்ப்புத் தொடங்கும் ஒரு மரத்தை, 1 வருஷத்து விலையைப் பார்த்து நடுவது விவேகமாகாது.

எனினும் கொக்கோ வேண்டாம் என்பதும் சரியன்று. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கொக்கோ வைக்க எண்ணும் குடும்பத்தார், 100 கன்று நடுமுன் 500 கிராம் உலர்ந்த கொக்கோ விதையை வாங்கி, தம் வீட்டிலேயே வறுத்து அரைத்து, கொட்டைப்பருப்புச் சேர்த்த பிரௌனி என்னும் பட்சணத்தை ஒரு தட்டு சுட்டுத் தின்று பார்த்தல் வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது. இது விளையாட்டாகத் தோன்றலாம். பட்சணம் செய்வது பெண்மக்கள் காரியம், அதில் விவசாய இலாகாவுக்கு என்ன வேலை என்று கேட்போரும் உளர். அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை நினைத்துப் பார்த்தல் நலம். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் வேண்டாத அந்தப் பதார்த்தம் 2019ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்றது. பால் கறப்பவனும் கோவா கிண்டுபவனும் ஒரே ஊரார்; இருவரும் அதைத் தின்று வளர்ந்தவர்கள். நீர் கலந்த பாலில் கோவா எப்படிச் சுண்டும், எவ்வளவு குறையும் என்பதைக் கறவைக்காரனுக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொக்கோவிலோ நிலைமை வேறு. பயிரிடுகிறவர் தம் விளைபொருள் கடைசியில் என்னவாகிறது என்பதை நாவால் அறியாதவராகவே இருந்துவிடலாம். வியாபாரி தரம் குறைவு என்று விலையைப் பிடித்தால், அது மெய்யா பொய்யா என்று சொல்ல அவருக்கு ஆதாரம் ஏது?

கொக்கோ விதையின் மணம் மரத்திலே உண்டாவதன்று. பறித்த பின்பு புளிக்கவைத்தலாலே உண்டாவது. பழத்தை உடைத்தால் உள்ளே வெண்ணிறச் சதை சூழ்ந்த விதைகள் இருக்கும். அவற்றைச் சதையோடு வாழையிலை பரப்பிய மூங்கிற் கூடையிலிட்டு, மேலும் இலையால் மூடி, சிறிது பளு வைத்தல் வேண்டும். சதை புளித்து நீராய் வடியும். குவியலின் உட்சூடு 45 டிகிரிக்கும் மேல் ஏறும். அச்சூட்டிலும் புளிப்பிலும் விதையின் முளை இறந்து, கசப்பும் துவர்ப்பும் தணிந்து, பின்னால் வறுக்கும்போது மணமாக மாறக்கூடிய சத்துகள் உண்டாகின்றன. 3ஆம் நாளும் 5ஆம் நாளும் விதைகளைக் கிளறி மாற்றவேண்டும். 6ஆம் நாள் எடுத்து வெயிலில் ஒரு வாரம் வரையில் உலர்த்தினால், ஈரம் 100க்கு 6 அல்லது 7 பங்காகக் குறையும். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும். ஈர விதை 3 கிலோவுக்கு உலர்ந்த விதை ஏறக்குறைய 1 கிலோ தேறும்.

இப்பக்குவம் ஆயிற்றா என்று அறியக் கத்தி ஒன்றே போதும். விதையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், நன்கு புளித்தது பழுப்பு நிறமாய் உள்ளே மடிப்புகளும் பிளவுகளுமாய் இருக்கும். அரைகுறையாய்ப் புளித்தது ஊதாநிறம். புளிக்காதது பலகைக் கற்போலச் சாம்பல் நிறமாய் இறுகிக் கிடக்கும். வியாபாரிகள் விதைகளை இவ்விதமே பிளந்து பார்த்து 100க்கு எத்தனை பழுது என்று கணக்கிடுகிறார்கள். விதை விற்பவரும் முந்திக்கொண்டு இதைச் செய்து வைத்திருப்பாரானால் பேரம் வேறு விதமாய் நடக்கும்.

கண்ணுக்குத் தெரிவதை நாவு உறுதிப்படுத்த வேண்டுமானால் அடுப்புக்குத்தான் போகவேண்டும். பிரௌனி என்பது அமெரிக்காவில் தோன்றிய பட்சணம். சிகாகோ நகரத்துப் பெரிய விடுதியொன்று 1893ஆம் வருஷத்து உலகப் பொருட்காட்சியின்போது தன் சமையலறையிலேயே அது பிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. பாஸ்டன் சமையற் பள்ளியின் புத்தகத்தில் 1906ஆம் வருஷத்துப் பதிப்பிலே செய்முறை அச்சாகியிருக்கிறது. அது கேக்குமன்று, மிட்டாயுமன்று. மாவு குறைவாகவும் வெண்ணெயும் கொக்கோவும் மிகுதியாகவும் சேர்ந்து, நடுவில் ஈரப்பதத்தோடு நிற்கும் ஒரு வில்லை. மற்றப் பட்சணங்களில் பிற சரக்குகள் கொக்கோவின் குற்றத்தை மறைத்துவிடக்கூடும். இதில் மறைக்க இடமில்லை. ஆகையால்தான் சோதனைக்கு இது தகுதியாயிற்று.

விதையை இரும்புச் சட்டியில் மந்தமான தீயில், கருகவிடாமல், ஓடு வெடித்துப் பிரியும் வரையில் 20 நிமிஷம்போல் வறுக்கவேண்டும். ஆறியபின் கையால் நசுக்கி முறத்திலே புடைத்தால் ஓடு பறந்துபோம். 500 கிராம் விதைக்கு ஏறக்குறைய 400 கிராம் பருப்புக் கிடைக்கும். இதனை அரைக்க நம் வீட்டு மாவரைக்கும் கிரைண்டரே தக்க கருவி என்பது பலர் அறியாத சங்கதி. கோயம்புத்தூரிலே இட்லி மாவுக்கென்று செய்த மேசைக் கிரைண்டரையே சிறிது மாற்றி, வெளிதேசங்களில் சிறு சாக்லெட் தொழில் செய்வோர் பலர் உபயோகித்து வருகிறார்கள். ஒரு துளி தண்ணீரும் படலாகாது. பட்டால் அரைவை திரண்டு கட்டியாகிவிடும். ஆதலால் கல்லையும் பாத்திரத்தையும் வெயிலில் காயவைத்து, பருப்பைச் சிறிது சிறிதாக இடுக. பருப்பில் பாதிக்குமேல் கொழுப்பாதலால், கல்லின் சூட்டில் இளகி 2 மணி நேரத்தில் குழம்புபோல் ஓடத்தொடங்கும். கடையில் விற்கும் கொக்கோப் பொடி, இக்குழம்பைப் பிழிந்து கொழுப்பை வாங்கியபின் நின்ற பிண்ணாக்கின் தூளேயாம். அப்படிப் பிழியும் இயந்திரத்துக்கு ஹாலந்து தேசத்திலே 1828ஆம் வருஷம் உரிமை பெறப்பட்டது. வீட்டில் அதற்கு வழியில்லை. பிரௌனிக்கு அது தேவையுமில்லை.

குழம்பில் 60 கிராம், வெண்ணெய் 110 கிராம் இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கி இறக்குக. சர்க்கரை 200 கிராம் சேர்த்துக் கலக்கி, சூடு தணிந்தபின் முட்டை 2 உடைத்து ஊற்றி நன்றாய் அடிக்கவேண்டும். பிறகு மைதா மாவு 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு; மாவு விழுந்தபின் அதிகம் கிண்டலாகாது, கிண்டினால் வில்லை கடினமாகும். கடைசியில் வறுத்து உடைத்த நிலக்கடலையோ முந்திரியோ 60 கிராம். வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, ஓவன் உள்ளவர்கள் 175 டிகிரி சூட்டில் 25 நிமிஷம் வைக்கலாம். இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தாங்கி வைத்துத் தட்டை இறக்கி மூடிச் சிறுதீயில் 40 நிமிஷம் விட்டால் போதும். ஓரம் இறுகி நடு சற்றே மெத்தென்றிருக்கும்போதே எடுத்துவிடவேண்டும். முற்ற வேகவிட்டால் பிரௌனி வெறும் ரொட்டியாய்விடும். முட்டை உண்ணாத வீடுகளில் கெட்டித் தயிர் சேர்ப்பதுண்டு. சுவை கெடாது, ஆனால் தன்மை கேக்கை ஒத்துப்போகும்.

புளிக்கவைக்காத விதையாலும் இதேபோல் ஒரு தட்டு செய்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சிலாக்கியம். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் துவர்ப்பு நாவைப் பிடிக்கும். சாக்லெட்டின் வாசனை வராது. வீட்டுப் பிள்ளைகளே தரம் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். கூடையைக் கிளறாமல் 2 நாள் சோம்பியதன் பலன் இவ்வளவு என்று ஒரு வாயில் தெரிந்துகொண்டவர், மறு அறுப்பில் சோம்பமாட்டார். எத்தனையோ கூட்டங்களில் எடுத்துச் சொல்வதைவிட இது பயன்தரும்.

பருப்பு விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். புத்தகங்களில் வால்நட் என்று கண்டிருக்கும். அது காஷ்மீரத்திலிருந்தோ கடல் கடந்தோ வருவது. நமக்கு நிலக்கடலையே போதும். ஆனால் அறுப்பில் மழை நனைத்த கடலையிலும் சரியாய் உலராத கடலையிலும் ஒருவகைப் பூஞ்சணம் பற்றி அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கும் அந்நஞ்சு வறுத்தாலும் சுட்டாலும் முற்றிலும் போகாது. பிடுங்கிய செடியைக் காய் மேலாகக் கவிழ்த்து உலர்த்துவதும், சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்பைப் பொறுக்கி எறிவதும் அவசியம். எறிந்ததை மாட்டுக்குப் போடுவது பிசகு. நஞ்சு பாலிலும் இறங்கும், பாலிலிருந்து கோவாவுக்கும் போம்.

ராஜபாளையத்தார்க்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருள் நாய்க்கு விஷம். பெயர்பெற்ற தம் நாய்களைப் பிள்ளைகளைப்போல் வளர்க்கும் வீடுகளில் பிரௌனித் துண்டை அன்பாய்ப் போட்டுவிடக் கூடாது. புடைத்த ஓட்டையும் நாய் திரியும் இடத்தில் கொட்டலாகாது.

விற்பனையைப்பற்றி. சாக்லெட்டுக் கட்டி செய்து விற்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். கொக்கோக் கொழுப்பு 34 டிகிரிச் சூட்டில் உருகிப்போவது. சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் அந்தக் கட்டியைக் குளிர்பெட்டியின்றி வைத்திருக்க இயலாது. பிரௌனிக்கு அந்தத் தொல்லையில்லை. 3 நாள் வெளியில் வைத்தாலும் கெடாது. பால்கோவா வாங்க ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளுக்கு வரும் வெளியூர் ஜனங்கள், கடலை சேர்த்த பிரௌனியையும் ஒரு பொட்டலம் வாங்குவார்கள் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006இன்படி பதிவு செய்யாமல் ஒரு பொட்டலமும் விற்கலாகாது. பொட்டலத்தின்மேல் முட்டை, கடலை சேர்ந்திருப்பதைத் தெளிவாய் அச்சிடவும் வேண்டும். கடலை ஒவ்வாதவர்க்கு அது உயிர்ப்பிரச்சினை. இரண்டொரு வீட்டார் இதில் ஜீவிக்கக்கூடும். எல்லாரும் இதில் இறங்கினால் ஒருவரும் பிழையார்.

நடுவதற்கு முன் கிணற்றைப் பாருங்கள் என்பதே மிச்சம். கொக்கோ மழைமிகுந்த காட்டிலே பிறந்த மரம். விருதுநகர் ஜில்லாவோ வறண்டது, மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது. கிழக்கே சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் இது வேண்டவே வேண்டாம். அடிவாரத்துச் செம்மண்ணிலும், 25 அடி இடைவெளியுள்ள தென்னை வரிசைகளின் நடுவே ஒரு வரிசையாக ஏக்கருக்குச் சுமார் 200 கன்று வைத்தால், கோடையில் கன்று ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் வீதம் 4,000 லிட்டர் சொட்டுநீராகக் கொடுத்தாகவேண்டும். இது தென்னைக்குரிய நீர் நீங்கலாக. பங்குனியிலும் சித்திரையிலும் கிணறு இறைத்தபின் எத்தனை மணியில் ஊறுகிறது என்று 2 வருஷம் குறித்து வைத்தவர்களே முடிவு செய்யத்தக்கவர்கள். நட்ட கன்றுகளின் தொகையை எண்ணி அறிக்கை எழுதுவது இலாகாவுக்கு எளிது. 5 வருஷத்துக்குப் பின் நின்ற மரங்களை எண்ணுவதே கணக்காகும்.

மலையணிலும் குரங்கும் வேறு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாம்பல் நிற மலையணில் சரணாலயம் 1988ஆம் வருஷம் ஏற்பட்டது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. மலையணில் சட்டத்தின் முழுப் பாதுகாப்புக்குரியது. கண்ணி வைப்பதும் விஷம் வைப்பதும் குற்றம். பழுத்த கொக்கோவை எலியும் அணிலும் மரத்திலேயே குடைந்து தின்னும். பழம் மஞ்சளாகத் திரும்பிய உடனே 10 நாளைக்கொரு முறை தவறாமல் பறித்துவிடுவதே நாம் செய்யக்கூடியது. மழைநாளில் காய் கறுத்து அழுகும் நோய்க்கு, அழுகியவற்றை அகற்றிப் புதைத்து, 100க்கு 1 பங்கு போர்டோக் கலவையைத் தெளிக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னைக்கு நடுவே கொக்கோ இருக்குமாயின் அடங்கலில் தென்னை என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், ஊடுபயிரையும் பரப்பையும் நட்ட வருஷத்தையும் நேரில் பார்த்துப் பதியவேண்டும். கடனுக்கோ, யானை புகுந்து மிதித்த நஷ்டத்துக்கு ஈடு கோரியோ விண்ணப்பம் வரும் நாளில், அடங்கலில் இல்லாத மரத்துக்கு ஒருவரும் பணம் தரமாட்டார்கள்.