அஞ்சல் பொதியும் அபிமான நூலும்

2025 மே மாதம் முதல் தேதியிலிருந்து அஞ்சல் துறையார் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கும், நூல்களைச் சலுகைக் கட்டணத்தில் அனுப்புவதற்கான 'ஞான் போஸ்ட்' ஏற்பாட்டைக் குறித்து நமது இதழின் அபிப்பிராயம் யாது என்று, பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்களும் ஊர்ப்புற நூலகர்களும் சில வாரங்களாக வினவிவருகிறார்கள். பள்ளிகள் திறந்து, கோடையெல்லாம் அடைத்துக் கிடந்த அலமாரிகளுக்குச் சாவி தேடிக்கொண்டிருக்கும் இச்சமயத்தில், அக்கேள்வியைத் தட்டிக்கழிப்பது முறையன்று. வரவேற்க வேண்டியதை முதலில் வரவேற்றுவிட்டு, வழக்காட வேண்டியதற்குப் பிறகு வருவோம்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2024 டிசம்பரில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, பதிவு புத்தக அஞ்சல் என்னும் பழைய வசதி கௌன்ட்டரிலிருந்து மறைந்துபோனபோது நாம் பட்ட பாட்டை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 80 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த 5 கிலோப் பொதி, பதிவுப் பார்சல் என்று பெயர் மாறியதும் ஏறக்குறைய மும்மடங்கு கேட்டது. பதிப்பகத்தார் மனமிரங்கிக் கொடுத்த கழிவு முழுவதையும் தபாலே விழுங்கிற்று. இப்பொழுது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பொதி எவ்விடத்தில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளவும் வழியுண்டு. தரைமார்க்கமாகவே போவதால் சற்றுத் தாமதமாகலாம். புத்தகம் நாலு நாள் பிந்தி வந்தால் கெட்டுப்போகிற பண்டமன்று. ஞானம் என்று நாம் வழிவழியாக எழுதியும் உச்சரித்தும் வருகிற சொல், கௌன்ட்டரில் 'கியான்' என்றே கேட்கப்பட்டு, நம் கிராமத்துத் தபால்காரர் வாயில் 'கேன் போஸ்ட்' ஆகியிருப்பதை மட்டும் ஒரு புன்னகையோடு பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள இயலாதது தகுதி நிபந்தனை. அங்கீகாரம் பெற்ற கல்வி வாரியமோ பல்கலைக்கழகமோ வகுத்த பாடத்திட்டத்தைச் சார்ந்த நூல்கள், போட்டித் தேர்வுக்கான நூல்கள், சமூக, பண்பாட்டு, சமய நூல்கள் ஆகியவை இச்சலுகைக்கு உரியவை. வியாபார நோக்கமுடையனவும், பருவந்தோறும் வெளிவருவனவும், நூற்பட்டியல் போன்ற சில்லறை அறிவிப்புகளுக்கு மேற்பட்ட விளம்பரம் தாங்கியனவும் உரியனவல்ல. அச்சிட்டவர் பெயரேனும் வெளியிட்டவர் பெயரேனும் நூலில் காணப்பட வேண்டும். கடைசி நிபந்தனை நியாயமே. விளம்பரத்தைப் பற்றியதும் அப்படியே. ஆனால் முதல் நிபந்தனையில் நாவல் எங்கே நிற்கிறது? சிறுகதைக்கும் கவிதைக்கும் குழந்தைகளின் கதைப் புத்தகத்துக்கும் எந்தத் தூணின் ஓரத்தில் இடம்? 'பண்பாடு' என்ற சொல்லின் கீழ் அவை ஒதுங்கிக்கொள்ளலாமே என்று விதிகளின் நுணுக்கம் அறிந்த நண்பர் ஒருவர் ஆறுதல் கூறினார். ஒதுங்கிக்கொள்ளலாம்தான். மழைக்குத் திண்ணையில் ஒதுங்கியவனை யாரும் வீட்டுக்காரன் என்று அழைப்பதில்லை.

நமது இதழின் 'அபிமான நூல்' பகுதிக்கு ஆசிரியர்கள் வரைந்தனுப்பும் கடிதங்களைப் பல்லாண்டுகளாகப் படித்துவருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தம் வாழ்க்கையைத் திசைதிருப்பிய புத்தகம் இதுவென்று எழுதுகிறவர்களுள், பாடத்திட்டத்தின் பொருட்டுக் கையிலெடுத்த நூலைச் சொன்னவரை நான் கண்டதேயில்லை. பெரியவர்கள் 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வாரந்தோறும் வந்த 1950-களைப் பற்றி எழுதுவார்கள். பைண்டு செய்த அத்தொகுப்புகளைத் தாயார் எந்தப் பெட்டியில் வைத்திருந்தார் என்பதுகூட அவர்களுக்கு நினைவிருக்கும். நடு வயதினர் புதுமைப்பித்தனையும் ஜானகிராமனையும் ஜெயகாந்தனையும் சொல்வார்கள். கரிசல் பூமிக்காரர்களுக்குக் 'கோபல்ல கிராமம்' இல்லாமல் கடிதம் முடியாது. தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் பலரும் ஜப்பான் தேசத்து டோட்டோ-சானையும், குஜராத்தியில் கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு' என்ற சிறு நூலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்விரண்டையும் தமிழில் வெளியிட்டது நேஷனல் புக் டிரஸ்ட். மத்திய சர்க்காரின் ஒரு கை அச்சிட்டுக் கொடுத்த புத்தகத்தை, அதே சர்க்காரின் மற்றொரு கை தராசில் வைத்து, ரயில் பெட்டியிலிருந்து எட்டிப்பார்த்த ஒரு சிறுமியின் கதைக்குள் ஞானம் உண்டா இல்லையா என்று தீர்ப்பளிக்க வேண்டிய நிலை நேர்ந்திருக்கிறது. தீர்ப்பளிப்பவரும் பாவம், மதிய உணவுக்கு எழுந்திருக்கக் காத்திருக்கும் குமாஸ்தாதானே! அவரை நான் நோகவில்லை. அவர் கையில் இப்படியொரு விதியைத் திணித்தவர்களைத்தான் நோகிறேன்.

இன்ன பயனுக்கு உரியது என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய நூலே நூல் என்னும் எண்ணம் அஞ்சல் துறையில் பிறந்ததன்று. நம் கல்வி உலகில் வெகுகாலமாகக் குடியிருந்துவரும் எண்ணம் அது. அதனால் நேரும் நஷ்டத்தின் அளவை அறிய, 1880-ஆம் வருஷத்துக் கும்பகோணத்தை நினைத்துப் பார்த்தால் போதும். கல்லூரித் தமிழாசிரியராகப் புதிதாக அமர்ந்திருந்த சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனதும், தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக ஒப்பித்ததும், அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த முதலியார் கொஞ்சமும் வியப்படையாமல், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவியதும், நம்மில் ஒவ்வொருவரும் வகுப்பில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. நாம் அவ்வளவாகச் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. முதலியார் அன்று கேட்ட பழைய நூல்களுள் ஒன்றான சீவக சிந்தாமணி அதற்கு முன்னமே அச்சில் வராத நூலன்று. பவர் என்ற பாதிரியார் 1868-இலேயே நச்சினார்க்கினியர் உரையுடன் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்திருந்தார். பதின்மூன்று இலம்பகங்களுள் முதலாவது அது. கல்லூரிப் படிப்புக்குத் தேவைப்பட்டது அவ்வளவே. ஆகையால் அச்சேறியதும் அவ்வளவே. எஞ்சிய பன்னிரண்டும் எந்தப் பரீட்சைக்கும் வேண்டப்படாதனவாக ஏட்டிலேயே உறங்கின.

அவ்வுறக்கத்தைக் கலைத்தவர் ஆசிரியரல்லர், பரீட்சகரல்லர், பாடத்திட்டக் குழுவில் அங்கம் வகித்தவருமல்லர். பகலெல்லாம் கடன் பத்திரங்களையும் பாகப்பிரிவினை வழக்குகளையும் விசாரித்துவிட்டு, மாலையில் தமக்குப் பிரியமான ஒரு காவியத்தைத் துணைகொண்டு படிக்க விரும்பிய வாசகர் ஒருவர். அந்த வாசகரின் பிடிவாதம் ஆசிரியரைப் பற்றிக்கொண்டது. ஆசிரியர் ஊரூராக ஏடு தேடினார். ஜைன அன்பர்களின் வீட்டுப் படியேறி ஐயம் கேட்டார். 1887-இல் சிந்தாமணி முழு உருவில் வெளிவந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அதன் பின்னே வந்த வரிசை. இன்று பாடத்திட்டத்தின் சிகரத்தில் நாம் வைத்துக் கொண்டாடும் இந்நூல்கள் யாவும், பாடத்திட்டம் தொடாமல் விட்டுவைத்த இடத்திலிருந்து எழுந்தவை. ஒரு வாசகனுடைய அபிமானம் ஓர் ஆசிரியனுடைய கைக்கு மாறியபோது நிகழ்ந்தது இது. முதலியார் தம் கையெழுத்துப் பிரதியை அன்று அஞ்சலில் அனுப்பவேண்டியிருந்து, எந்த வாரியத்தின் பாடத்தைச் சார்ந்தது என்று ஒருவர் கேட்டிருப்பாராயின், முதல் இலம்பகத்தை மட்டும் கிழித்து அனுப்பியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் சொந்த வயிற்றெரிச்சலையும் கலந்துவிடுகிறேன் என்று அன்பர்கள் முணுமுணுக்கக்கூடும். கலப்பது உண்மைதான். உத்தியோகத்தில் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியின் நூலக அலமாரிக்கு என்னைப் பொறுப்பாக்கியிருந்தார்கள். ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரி இருப்புப் பதிவேட்டைப் புரட்டி, ஒரு சிறுகதைத் தொகுப்பின்மேல் விரலை வைத்து, இது எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு என்று கேட்டார். எந்தப் பாடத்துக்கும் இல்லை, பையன்கள் விரும்பிப் படிக்கிறார்கள் என்றேன். விருப்பத்துக்குப் பதிவேட்டில் பத்தி இல்லை என்று அவர் எழுந்துபோனார். தணிக்கைக் குறிப்பு வந்தது. புத்தகத்தின் விலை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. விலை கொடுத்தாயிற்றே என்று அந்தப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் இடமில்லாமல், இரவல் பெற்ற தேதிகள் அட்டையின் உட்புறத்திலும் குறிக்கப்பட்டிருந்தன. அதே அலமாரியில் அங்கீகாரத்தோடு வந்திறங்கிய வினா-விடைத் தொகுதிகள் சிலவற்றின் பக்கங்களை நான் அங்கிருந்த வரையில் ஒருவரும் பிரித்ததில்லை.

அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. நூலகப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரிடம் கடன் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறாத பள்ளிகள் எத்தனை என்று நான் எண்ணப் புகவில்லை. மேலிடத்திலிருந்து கட்டாக வந்து சேரும் நூல்களைத் தேர்ந்தவர்கள், அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கப்போகும் ஆசிரியரை ஒரு வார்த்தை கேட்பதுண்டா? நமக்குத் தெரிந்து வெளிவந்த சுற்றறிக்கைகளில் 'பயன்பாடு' என்ற சொல் வராத பக்கமில்லை. 'பிரியம்' என்ற சொல்லை ஒருமுறையேனும் கண்ட அன்பர் எழுதி அனுப்பினால் இதழின் முகப்பில் வெளியிடுவோம்.

சீர்காழியில் பிறந்த அரங்கநாதன் 1931-இல் சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் வெளியிட்ட ஐந்து விதிகளை நம் தொழிலின் வேதமென்று மாலை போட்டு வணங்குகிறோம். அவற்றுள் இரண்டாவதையும் மூன்றாவதையும், அதாவது ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்பவற்றை, மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு அஞ்சல் துறையாரையும் கல்வித் துறையாரையும் ஒருங்கே வேண்டிக்கொள்கிறேன். அதே வருஷத்தில்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த வண்டிக்கு வாய்த்த விதி, புத்தகம் வாசகனிடம் போக வேண்டும் என்பது மட்டுமே.

ஆகவே நமது நிலை இது. சலுகைக்குரிய பொருளை அதன் நோக்கத்தால் வரையறுப்பதை விட்டு, உருவத்தால் வரையறுக்க வேண்டும்; அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் தாங்கிய, விளம்பரத்துக்கென வெளியிடப்படாத, அச்சிட்ட நூல் என்றால் போதும், உள்ளே இருப்பது இலக்கணமா இலக்கியமா என்பது அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடைப்பட்ட விஷயம். அவ்வாறு திருத்தும் வரையில், கதையும் கவிதையும் குழந்தை இலக்கியமும் பண்பாட்டு நூல்களில் அடங்கும் என்று வெளிப்படையான விளக்கம் ஒன்றை எல்லா அஞ்சலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டு வட்டத்தின் தலைமை அஞ்சல் அதிகாரிக்கு இவ்விரண்டையும் எழுதியிருக்கிறோம். சிற்றிதழ்களின் கதி தனி. 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிட்டுக்கொண்டு, பதிவு பெற்ற பத்திரிகைக்குரிய சலுகையும் இல்லாமல், இதிலும் இடமில்லாமல் நிற்கும் அவற்றுக்காக இன்னொரு மனு எழுத வேண்டும்.

இதற்கிடையில் அன்பர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நாவலென்றோ கதையென்றோ தயங்கி, அதிகக் கட்டணம் செலுத்திப் பார்சலாக அனுப்பிவிடாதீர்கள். ஞான் போஸ்ட் என்றே கேளுங்கள். எவ்வகை நூல் என்று வினவினால், பண்பாட்டு நூல் என்று கூசாமல் சொல்லுங்கள், அது பொய்யன்று. மறுத்தால், எந்த அஞ்சலகம், எந்தத் தேதி, எந்த நூல், என்ன காரணம் என்று குறித்து நமக்கு அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டாலும் ரசீதின் நகலை அனுப்புங்கள். ஓரிடத்தில் ஏற்றதும் மற்றோரிடத்தில் மறுத்ததும் அருகருகே இருந்தால்தான் மனுவுக்கு வலு.

நம் பங்குக்கு ஒரு பரீட்சை தொடங்கிவிட்டோம். மலையடிவாரத்துப் பள்ளியொன்றின் ஆசிரியை, 'அபிமான நூல்' பகுதியைத் தம் மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டி, நமது இதழின் சென்ற ஆண்டுத் தொகுதியைக் கேட்டிருந்தார். பன்னிரண்டு இதழ்களையும் தைத்துக் காலிகோ அட்டை போட்டு, ஒரு கிலோவுக்குச் சற்று மிஞ்சிய பொதியாக அலுவலகப் பையனிடம் கொடுத்தனுப்பினோம். பருவ இதழாயின் எடுக்க முடியாது, புத்தகமாயின் எடுக்கலாம், இது எது என்று கேட்டார்களாம். பையன் பொதியோடு திரும்பி வந்துவிட்டான். நாளைக்கு நானே போகிறேன்.