மாடியில ஷீட் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல ஏறிப் பாருங்க

இந்த விஷயத்தை வீடியோவுல ரெண்டு நிமிஷம்தான் பேச முடிஞ்சது. கணக்கோட சொல்லணும்னு இங்க எழுதறேன்.

பெரணமல்லூர்ல எங்க பெரியம்மா வீடு. தொண்ணூறுகள்ல கட்டின 600 சதுர அடி கான்கிரீட் வீடு. கூடத்துல குழித்தறி, அதுல பட்டுச் சேலை நெசவு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ எங்க திருவண்ணாமலை மாவட்டத்துலயும் மழை கொட்டித் தீர்த்துச்சு. பெரியம்மா வீட்டுல தறிக்கு நேர் மேல ஒழுக ஆரம்பிச்சது.

நெசவு தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஜக்கார்ட் பெட்டி தறிக்கு மேல, கூரைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கும். அதுல ஓடற டிசைன் அட்டை ஈரம் பட்டா உப்பிடும், டிசைன் தப்பும். பட்டு காத்துல இருக்கிற ஈரத்தையே இழுக்கற நூல். சொட்டுத் தண்ணி பாவுல விழுந்தா கறை, ஜரிகை கறுக்கும். இதுல பாவும் ஜரிகையும் பெரும்பாலும் நெசவு பண்றவங்களோடது கிடையாது, சரக்கு கொடுத்த முதலாளியோடது. சேலை பழுதானா கூலியில பிடிப்பாங்க. தறிக்குழியில தண்ணி ஊறினா காயற வரைக்கும் வேலையே இல்லை. ஒரு நாள் கூலி 500 ரூபாய்னு வெச்சுக்கோங்க, ஐப்பசி கார்த்திகையில 20 நாள் தறி நின்னா 10,000 போச்சு. இதை யாரும் 'கூரைச் செலவு'ன்னு நோட்டுல எழுதறதில்லை. ஆனா அதுதான் அது.

மழை விட்டதும் ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் கோட்டிங் அடிக்கலாம், பத்து வருஷம் கேரண்டின்னார். இன்னொருத்தர் மாடி முழுக்க இரும்புக் கம்பம் நட்டு ஷீட் போட்டுடலாம், சதுர அடிக்கு 200, மொத்தம் 1,20,000ன்னார். பெரியம்மா எனக்கு போன் பண்ணி, "லோன் கிடைக்குமா கண்ணு, ஷீட்டே போட்டுடலாம்னு இருக்கோம், தெருவுல எல்லாரும் அதைத்தான் போட்டிருக்காங்க"ன்னாங்க.

உண்மைதான். செய்யாறுல இருந்து ஆரணி வரைக்கும் பஸ்ல போனா மாடிக்கு மேல நீல ஷீட்டும் பச்சை ஷீட்டும்தான் தெரியும்.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். 1,20,000 பர்சனல் லோன், 14% வட்டி, மூணு வருஷம். மாசத் தவணை 4,100 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. மொத்தம் கட்டறது கிட்டத்தட்ட 1,47,600. வட்டி மட்டும் 27,600. "பொங்கலுக்கு வரேன் பெரியம்மா, அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க"ன்னு சொன்னேன்.

பொங்கல் முடிஞ்சு கொத்தனாரோட மாடி ஏறினோம். அந்த வீட்டுல அதுக்கு முன்னாடி எப்போ யார் மேல ஏறிப் பார்த்தாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இல்லை. மழைத்தண்ணி பைப் வாயில வேப்பிலையும் ஒரு பிளாஸ்டிக் கவரும் அடைச்சுக் கிடந்தது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையில விரல் நுழையாத, ஆனா ஏடிஎம் கார்டு நுழையற அளவுக்கு விரிசல். முக்கியமான விஷயம் மூணாவது. ஒழுகும்போதெல்லாம் அந்த இடத்துல மேல மேல சிமெண்ட் கலவை பூசியிருந்தாங்க. மூணு தடவை. அதுல தளத்தோட வாட்டமே மாறி, தண்ணி பைப்புக்குப் போகாம எதிர்ப்பக்கம் போய் தறி மூலைக்கு மேல தேங்குது. ரிப்பேர்தான் அங்க நோயே.

பழைய கலவையை வெட்டி எடுத்து அந்தப் பகுதிக்கு மட்டும் வாட்டம் சரி பண்ணி, தட்டோடு ஒட்டி, மூலை முழுக்க உருட்டிப் பூசி, பைப்பை மாத்தினதுக்கு ஆன செலவு 28,000. ஷீட் லோனோட வட்டிக்கும் இதுக்கும் 400 ரூபாய்தான் வித்தியாசம்.

அதனால என் கருத்து இதுதான்: ஒழுகற தளத்துக்கு ஷீட் பெரும்பாலும் மருந்து இல்லை, போர்வை. கம்பம் நிக்கத் தளத்துல போல்ட் அடிக்கறாங்க, அது புதுசா ஒரு ஓட்டை. பலமான காத்துல ஷீட் தூக்கும். அடியில கம்பி துருப்பிடிச்சுக்கிட்டே இருந்தா ஷீட் அதைக் கண்ணுல படாம மறைச்சுடும். துரு இரும்பை விட அதிக இடம் எடுக்கும், அதான் உள்கூரையில காரை பெயர்ந்து விழுது. கம்பி வெளிய தெரியற நிலைமைன்னா கொத்தனார் போதாது, இன்ஜினியர் வந்து பார்க்கணும். மாடியில இன்னொரு தறி போடணும், துணி காயவைக்கணும்னா ஷீட் போடுங்க, தப்பில்லை. அது புது ரூம் கட்டற செலவு. ரிப்பேர்னு பேர் வெச்சு அதுக்கு லோன் வாங்காதீங்க.

கோட்டிங்கும் அப்படித்தான். வாட்டம் சரியா இருந்து, விரிசல் அடைச்சு, தளம் நல்லா காய்ஞ்ச பிறகு அடிச்சா வேலை செய்யும். சில வருஷத்துல மறுபடி அடிக்க வேண்டிய விஷயம் அது. ஈரத்து மேல அடிச்சா கொப்புளிச்சு உரியும். அந்தப் பத்து வருஷ கேரண்டியை பில்லுல எழுதித் தரச் சொன்னேன். அப்புறம் அவர் வரவே இல்லை.

எங்க ஒழுகுதுன்னு தெரியலைன்னா பைப் வாயைத் துணியால அடைச்சு ரெண்டு இன்ச் தண்ணி கட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்க்கறது வழக்கம். 600 சதுர அடியில அந்த ரெண்டு இன்ச் தண்ணி சுமார் 2,800 கிலோ எடை. அதனால மரக்கட்டை மேல செங்கல் அடுக்கின பழைய மெட்ராஸ் டெரஸ்லயும், காரை பெயர்ற தளத்துலயும் இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஓட்டு வீடுன்னா உடைஞ்ச ஓட்டை மாத்தி, ரீப்பர்ல கரையான் இருக்கான்னு தட்டிப் பார்த்தாலே பாதி பிரச்னை முடியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல ஏறி மிதிக்காதீங்க, உடைஞ்சு உள்ள விழுந்துடுவீங்க. அதை அறுக்கவும் வேண்டாம், தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

இப்போ நம்ம ஏரியா, வரி. சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பார்த்துக்கிட்டு ஊர் வீட்டுக்குப் பணம் அனுப்பற நிறைய பேர் கேக்கறது, "சார், ரிப்பேர் லோனுக்கு வரிச்சலுகை உண்டா?" வீடு அப்பா பேர்லயோ அம்மா பேர்லயோ இருந்தா உங்களுக்கு எதுவும் கிடையாது, தவணை நீங்க கட்டினாலும். வீடு உங்க பேர்ல இருந்து, குடும்பம் அதுல குடியிருந்தா, பழைய வரி முறையில ரிப்பேர் லோன் வட்டிக்கு வருஷம் 30,000 வரைக்கும்தான் கழிவு. வீடு வாங்கவோ கட்டவோ வாங்கின லோனுக்குச் சொல்ற 2 லட்சம் இதுக்கு இல்லை. அந்த 30,000 தனியாவும் கிடையாது, 2 லட்சத்துக்குள்ளதான் வரும். புது வரி முறையில குடியிருக்கற வீட்டுக்கு அதுவும் பூஜ்யம். ரிப்பேர் லோனோட அசலை 80சி-ல காட்ட முடியாது. வாடகைக்கு விட்ட வீடுன்னா 30% கழிவு தானா வரும், நீங்க ஒரு ரூபாய் செலவு பண்ணலைன்னாலும். ஆக, வரிச்சலுகைக்காக ரிப்பேர் லோன் வாங்கறதுல அர்த்தமே இல்லை.

இன்சூரன்ஸ்ல ஒரு குழப்பம் இருக்கு. 2021 ஏப்ரல் 1-ல இருந்து எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் 'பாரத் கிருஹ ரக்ஷா'ன்னு ஒரே மாதிரி வீட்டு பாலிசி தராங்க. புயல், வெள்ளத்துல வர்ற சேதம் அதுல உண்டு. வருஷக் கணக்கா கசிஞ்சு காரை விழுந்தா, பராமரிப்பு இல்லாத தேய்மானம்னு கிளெய்ம் தள்ளுபடிதான். தறியும் பட்டும் தொழில் சரக்கு, வீட்டுச் சாமான் இல்லை. அதுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'ன்னு தனி பாலிசி. அடுத்தவங்க பாவு உங்க வீட்டுல இருக்குன்னா அது கவர் ஆகுமான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

பணம் எங்கிருந்து வரும்னா, போஸ்ட் ஆபீஸ் ஆர்டி. மாசம் 500. 2023 அக்டோபர்ல இருந்து வட்டி 6.7%, அந்த வட்டியில அஞ்சு வருஷத்துல சுமார் 35,680 கையில வரும். பெரியம்மா வீட்டுக்கு ஆன ரிப்பேரை விட அதிகம். நடுவுல அவசரம்னா 12 தவணை கட்டின பிறகு பாதி வரைக்கும் அதுலயே கடன் எடுக்கலாம். இதுக்குப் பேர் 'கூரை ஆர்டி'ன்னு பாஸ்புக் அட்டையில எழுதி வெச்சிருக்காங்க பெரியம்மா, கல்யாணச் செலவுக்கு யாரும் கை வெக்கக் கூடாதாம்.

கைத்தறி நெசவாளர்களுக்கு தறிக்கூடம் கட்ட மத்திய அரசோட தேசிய கைத்தறி வளர்ச்சித் திட்டத்துல 1,20,000 ரூபாய் வரைக்கும் உதவி உண்டு. பெண் நெசவாளர்களுக்கு முழு மானியம். கைத்தறி உதவி இயக்குநர் ஆபீஸ்லயோ உங்க சொசைட்டிலயோ கேளுங்க. பெரியம்மா கேக்கலை. "அது வர்றப்போ வரட்டும்"னுட்டாங்க.

வேலை பார்த்தது மாசியில. அதுக்கப்புறம் வந்த ஐப்பசி மழையில தறி மூலை காய்ஞ்சுதான் இருந்தது. சமையல்கட்டுச் சுவர்ல மட்டும் ஈரம் ஏறியிருக்கு, கொத்தனார் அது மேல இருந்து வரலை, பக்கத்து வீட்டு பாத்ரூம் பைப்னு சொல்றார். பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட யார் பேசறதுன்னுதான் இப்போ பிரச்னை.