செய்தவர் இல்லாத வண்டி

 

சென்ற மாதம் என் அக்காள் மகன் ஒரு கோரிக்கையோடு வந்தான். "மாமா, பழைய யெஸ்டி வண்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீங்களும் கூட வந்து பாருங்க" என்றான். அவன் பிறப்பதற்கு முன்பே அந்த வண்டியைச் செய்தவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆயினும் அந்த இரட்டைச் சைலன்சரின் ஓசை அவனைக் கவர்ந்திருக்கிறது. நான் உடனே இசையவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்காகவே இம்மாதப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இளைய தலைமுறைக்காக வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செக் நாட்டு ஜாவா நிறுவனத்தின் உரிமம் பெற்று, மைசூரில் ஐடியல் ஜாவா என்னும் தொழிற்சாலை 1961 முதல் மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்தது. 1970களில் அவ்வண்டிகள் யெஸ்டி என்னும் பெயரைப் பெற்றன. ஈரான் நாட்டு யஸ்து நகரின் நினைவாக அமைந்த பெயர் அது. கிக்கர் வேறு, கியர் வேறு என்றில்லாமல் இரண்டும் ஒரே தண்டாக அமைந்திருப்பது அதன் தனிச் சிறப்பு. 1980களின் நடுவில் குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடும் நூறு சி.சி. வண்டிகள் ஜப்பானியக் கூட்டுறவோடு சந்தைக்கு வந்தன. புகை பற்றிய சட்டங்களும் இறுகின. 1996இல் மைசூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது.

அண்மையில் அப்பெயர்கள் மீண்டும் வந்துள்ளனவே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். வேறொரு நிறுவனம் 2018இல் ஜாவாவையும் 2022இல் யெஸ்டியையும் மறுபடி சந்தைக்குக் கொண்டு வந்தது. ஆனால் அவை ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட முற்றிலும் புதிய வண்டிகள். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அவற்றின் பாகங்கள் பொருந்தா. பெயர் திரும்பி வந்ததே தவிர, நம் வீட்டு வண்டிக்குப் பொறுப்பேற்க யாரும் திரும்பி வரவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் அத்தா 1983இல் ஒரு யெஸ்டி வாங்கினார்கள். சிங்காநல்லூரிலிருந்து பல்லடம், திருப்பூர் என்று துணி மூட்டையோடு அதில்தான் போய் வருவார்கள். அவர்கள் வஃபாத்தான பிறகு, 2003ஆம் ஆண்டில், குடும்பக் கடனை அடைப்பதற்காக வண்டியை விற்க வேண்டியதாயிற்று. அப்போது நான் பி.ஏ. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞன். டாங்கிற்கு அடியில் சேஸில் ஒரு விரிசல் இருந்தது. பற்ற வைத்து மேலே கறுப்பு வண்ணம் பூசியிருந்தோம். அது எனக்குத் தெரியும்.

வாங்க வந்தவர் இருகூரைச் சேர்ந்த ஓர் ஆலைத் தொழிலாளி. "வண்டியில ஏதாச்சும் வேலை இருக்குதுங்களா பாய்?" என்று கேட்டார். "அத்தா கண்ணைப் போல வைத்திருந்த வண்டி" என்று பதில் சொன்னேன். அது பொய்யல்ல. அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலுமல்ல.

ஐந்து மாதங்கள் கழித்து அந்தப் பற்றவைப்பு விட்டுவிட்டது. மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு போனவர் திருச்சி சாலையில் விழுந்து கை எலும்பு முறிந்தது. மெக்கானிக் ஒருவர் வாயிலாகச் செய்தி கிடைத்ததும் அவர் வீட்டிற்கு ஓடினேன். சண்டையிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "உங்க அத்தாவ எனக்குத் தெரியுமுங்க. அவரு வண்டிங்கறதாலதான் எதையும் பிரிச்சுப் பாக்காம வாங்கினேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

வாசகர்களே! என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். வண்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, விலைப் பணத்தையும் மருத்துவச் செலவையும் சிறுகச் சிறுகக் கொடுத்து முடிக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. பணம் தீர்ந்தது. அத்தாவின் நற்பெயரைக் கொண்டு நான் ஒரு குறையை விற்ற கணக்கு மட்டும் இன்றளவும் நெஞ்சில் நிற்கிறது.

ஆகவே மருமகனை அழைத்துக்கொண்டு புறப்படுமுன் நான் சொல்லிக் கொடுத்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் காகிதம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இரு சக்கர வாகனத்தின் முதற்பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிகள் யாவும் அந்த வயதைக் கடந்தவை. புதுப்பிக்கப்படாத வண்டியைச் சாலையில் ஓட்டினால் சட்டச் சிக்கல் வரும். முதற்பதிவாகி ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவதற்கு 2021இல் தனி விதி வந்தது. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்ட இயலாது.

அடுத்து எஞ்சின். பார்க்கப் போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சினை உதைத்துக் கிளப்பினால்தான் உண்மை தெரியும். டூ ஸ்ட்ரோக் வண்டி சிறிது புகைவது இயல்பு. சூடேறிய பிறகும் வெண்புகை ஓயாமல் வந்தால், கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து கியர் எண்ணெய் உள்ளே கசிகிறதென்று ஐயுறலாம். இதுவரை எத்தனை முறை போர் செய்தார்கள் என்றும் கேளுங்கள். கடைசி அளவு பிஸ்டன் வரை சென்றுவிட்ட எஞ்சினுக்குப் புது ஸ்லீவ் போட வேண்டியிருக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பார்த்து மாற்றிவிடுவது நல்லது.

மூன்றாவது, நான் மறைத்த இடம். சீட்டையும் டாங்கையும் கழற்றச் சொல்லிச் சேஸ் முழுவதையும், குறிப்பாக ஹேண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதியை, வெளிச்சத்தில் பாருங்கள். வண்டியெங்கும் பழைய வண்ணமிருக்க ஓரிடத்தில் மட்டும் புது வண்ணம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். டாங்கின் மேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் பட்டி வைத்து மூடிய இடத்தில் அது ஒட்டாது.

எஞ்சின் உதிரிபாகங்களைப் பொறுத்தவரை நம் கோவையில் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. அச்சு தேய்ந்தாலும் புஷ் கழன்றாலும் கடைந்து தர லேத் பட்டறைகள் உள்ளன. ஆனால் எந்தப் பட்டறையும் விற்பவரின் உள்ளத்தில் இருப்பதைக் கடைந்தெடுத்துத் தராது. புதுப் பொருளில் குறை கண்டால் செய்த கம்பெனியின் வாசலில் போய் நிற்கலாம். செய்தவர் இல்லாத பொருளுக்கு விற்பவரின் வாய்ச்சொல்லே கியாரண்டி.

மேலே காய்ந்தும் அடியில் ஈரமாயும் இருந்த தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கை நுழைத்துப் பார்த்து வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரிய வந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது நம் சட்ட நூல்களின் பாடம். அதை இன்று மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் இருகூர்க்காரரின் முகம் என் முன் வருகிறது.

விற்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கியதோடு உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது. படிவம் 29, 30 ஆகியவற்றில் ஒப்பமிட்டுப் பெயர் மாற்றம் முடிந்ததா என்று பாருங்கள். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. அத்துடன் வண்டியில் உள்ள குறைகளை ஒரு தாளில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். விலை சற்றுக் குறையலாம். உறக்கம் குறையாது.

மூன்று இடங்களில் பார்த்தோம். மூன்றாமவர் ஒண்டிப்புதூரில் வசிக்கும் முதியவர். நாங்கள் கேட்குமுன்பே, "ரெண்டாவது கியர் அப்பப்ப வழுக்குமுங்க. டாங்குக்கு அடியில ஒரு ஓட்டை இருந்து அடைச்சிருக்குது. பாத்துட்டு வேணும்னா எடுத்துக்கங்க தம்பி" என்றார். டாங்கைக் கழற்றிப் பார்த்தோம். அவர் சொன்னது சொன்னபடியே இருந்தது. சொல்லாதது ஒன்றும் இல்லை. பேரம் பேச வாயெடுத்த மருமகனைக் கையமர்த்தி, கேட்ட விலையைக் கொடுக்கச் செய்தேன்.

உங்கள் வீட்டில் விற்பதற்கென்று ஒரு பழைய பொருள் இருந்தால், அதன் குறையை இன்றே ஒரு தாளில் எழுதி அதனுடன் வைத்துவிடுங்கள். கொடுக்கல் வாங்கலில் நேர்மையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.