எல்லாம் பழசுதானா?

கல்யாண வீட்டு உருளியைக் கண்டதும், "இதெல்லாம் நம் முன்னோர் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே செய்தது, ஸார்" என்று சொல்லாத பெரிய மனுஷரை நாஞ்சில் நாட்டில் நான் சந்தித்ததில்லை. உலையடியில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார்.

வித்தை பழையதுதான். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவதை 12-ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசமே விவரிக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அப்படித்தான் வார்க்கிறார்கள். அதனால் அதில் இனிப் புதிதாக ஒன்றுமே வர முடியாது என்று ஆகிவிடுமா?

1907-ல் சிகாகோப் பல் வைத்தியர் வில்லியம் டாகர்ட், பல்லில் வைக்கும் தங்க அடைப்பை இதே மெழுகு முறையில் வார்த்துக் காட்டினார். சிலை வார்ப்பின் தொன்மை அவரைத் தடுக்கவில்லை, பேட்டண்டு கிடைத்தது. மற்ற வைத்தியர்களிடம் பணம் கேட்டுக் கோர்ட்டுக்கும் போனார். அங்கே அவரைக் கவிழ்த்தது, அயோவா மாநிலத்துப் பல் வைத்தியர் பில்புரூக் 1897-ல் எழுதிய ஒரு கட்டுரை. வெளிவந்தபோது அதைச் சீந்துவாரில்லை. ஆனாலும் எழுத்தில் இருந்தது.

நம்முடைய 1970-ஆம் வருஷத்துப் பேட்டண்டுச் சட்டத்தில், பாரம்பரிய அறிவுக்குப் பேட்டண்டு கிடையாது என்று 2002-ல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். நல்லதுதான், வெளியூர்க்காரன் வந்து நம் உலைக்கு வேலி போட முடியாது. உள்ளூர்க்காரன் ஒருவன் மெய்யாகவே புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால், 'இது பழசிலிருந்து வேறு' என்று நிரூபிக்கும் பாரம் அவன் தலையில் விழுகிறது. சுவாமிமலைச் சிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது ஊரின் பெயரைக் காக்கும். தனி ஒருவனின் முறையைக் காக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு வார்ப்புக்காரர், உருளி விளிம்பில் விழும் ஊசித்துளைகளோடு வெகுகாலம் மல்லுக்கட்டினார். கடைசியில் இரண்டாம் பூச்சு மண்ணில் உமியைக் கூட்டி, சுடும் நேரத்தையும் மாற்றினார். உமி எரிந்த இடம் காற்றுக்கு வழிவிட்டது, துளைகள் குறைந்தன.

"எவ்வளவு உமி? எத்தனை நாழிகை? முன்பு பத்தில் எத்தனை கெட்டது, இப்போது எத்தனை?" என்று கேட்டேன்.

"அதை எதுக்குத் தம்பி எழுதணும்? கைக்குத் தெரியும்லா!"

பேட்டண்டு ஆபீஸுக்குக் கையைக் கொண்டுபோய்க் காட்ட முடியாதே! பக்கத்தில் நின்ற பெரிய மனுஷர் வேறு, "இதில் என்ன புதுசு? முன்னோர்..." என்று ஆரம்பித்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இவரைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? முன்னோருக்குச் சூட்டுகிற மாலையை உயிரோடிருப்பவன் கழுத்திலிருந்து அல்லவா கழற்றுகிறார்!

அளவுகளை எழுதத்தான் வேண்டும். ஆனால் விண்ணப்பம் போடும் முன் ஊரெல்லாம் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அவர் வாயே அவருக்கு எதிர்ச் சாட்சி. அதனால்தான் முழு முறையையும் நானும் இங்கே சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் பேரன் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். போன வாரம் பார்த்தபோது தேதி மட்டும் போட்டிருந்தது.